பால்வாடிக்குள் புத்தகத் தமிழ்

1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அதன் முன்னோட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மதுரை மாவட்டத்தின் கோட்டாம்பட்டி ஒன்றியம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் தவறாமல் எடைபோடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்குக் குறிப்பிட்ட காலம் கூடுதல் சத்துணவு கொடுப்பார்கள். தேறியதும் அதை நிறுத்திவிட்டுத் தாய்க்கு ஆலோசனை சொல்வார்கள். ஊட்டச்சத்துத் துறையில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட திட்டம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1982 ஜூலை 1 அன்று, திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பால்வாடிப் பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைத்தது. இன்று தமிழகத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பிள்ளையின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுவதில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. பிள்ளையின் காதைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்பட்டோம் என்று சொல்ல முடியாது.

எழுத்தறிவைப் பற்றிப் பேசவந்துவிட்டுக் காதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். பள்ளிக்குப் போகும் முன்பே பிள்ளைக்குப் புத்தகத்தை வாசித்துக்காட்ட வேண்டும் என்ற அறிவுரை மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்கள் வழியாக நமக்கு வந்து நாளாகிவிட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் கூடும், பிள்ளைக்குச் சொல்வளம் பெருகும் என்று அவை சொல்லும் காரணங்கள் சரியானவைதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இவற்றைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. நகரத்துப் பெற்றோர் எவ்வளவோ படித்தும் அதைக் கவனிப்பதில்லை. கல்வித் துறையும் போதிய அளவு கவனிக்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு நான்கு வயதுச் சிறுமியை எண்ணிக்கொள்ளுங்கள். "மழ பேஞ்சுச்சு, குட்டியெல்லாம் நனஞ்சு போச்சு, பிடிச்சு உள்ள கட்டு" என்று அப்பத்தா சொல்வதைக் கேட்டு வளர்கிறவள். பேச்சில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அக்கம்பக்கத்துச் சண்டையை அப்படியே நடித்துக்காட்டுவாள். முதல் வகுப்பில் அவள் முன்னால் ஒரு வரி வருகிறது: 'மழை பெய்தது. ஆட்டுக்குட்டிகள் நனைந்தன.' பெ, ய், த, து என்று எழுத்துக்கூட்டுகிறாள். நான்கையும் சேர்த்தால் கிடைக்கும் சொல்லை அவள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தான் கூட்டியது சரியா தவறா என்று சரிபார்த்துக்கொள்ள அவளிடம் எதுவும் இல்லை. 'நனைந்தன' என்னும் பன்மை வினைமுற்று அவள் தெருவிலேயே புழங்காதது. எழுத்து தெரிந்தும் சொல் பிடிபடாமல் நிற்கிறாள். டீச்சர் கண்ணுக்கு அது எழுத்து தெரியாததுபோலவே தெரிகிறது. "திரும்ப எழுதிட்டு வா" என்கிறார்.

பேச்சுக்கு ஒரு வழக்கும் எழுத்துக்கு ஒரு வழக்குமாக இரண்டைக் கைக்கொண்டிருக்கும் மொழிகளைப் பற்றி சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை மொழியியலில் புகழ்பெற்றது. தமிழின் இரட்டை வழக்கைத் தனி நூலாகவே ஆராய்ந்தவர் ஃபிரான்சிஸ் பிரிட்டோ. அந்நூல் 1986இல் வந்தது. பெரியவர்களான நாம் இரண்டு வழக்குக்கும் இடையே நினைத்த மாத்திரத்தில் போய் வருகிறோம். அதனால் அந்த இடைவெளி நம் கண்ணில் படுவதில்லை. ஆறு வயதில் முதன்முதலாக அதைத் தாண்டுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும்.

இதே இடைவெளி அரபியிலும் உண்டு; அங்கே அது நம்முடையதைவிட அகலம். மழலையருக்கு இலக்கிய அரபி புரியாது என்ற எண்ணத்தில் அங்கே கதைகளைப் பேச்சு அரபியில் மாற்றிச் சொல்வதே நெடுநாள் வழக்கம். இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டினா ஃபைட்டெல்சனும் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மழலையர் வகுப்புகளில் ஐந்து மாதம், நாள்தோறும் சிறிது நேரம், அச்சில் உள்ளபடியே இலக்கிய அரபிக் கதைகளை ஆசிரியர்கள் வாசித்துக்காட்டினார்கள். 1993இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. கதை கேட்ட பிள்ளைகள், கேட்காதவர்களைவிடக் கதையைப் புரிந்துகொள்வதிலும் தாமாகக் கோவையாகச் சொல்வதிலும் முந்தியிருந்தார்கள். அந்தக் குழுவில் ஒருவர் டேவிட் ஷேர். பிள்ளை ஒரு புதிய சொல்லை எழுத்துக்கூட்டி ஒலித்து, 'இது நமக்குத் தெரிந்த சொல்தானே' என்று கண்டுகொள்ளும் ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் எழுத்துருவம் மனதில் பதிகிறது; வாசிப்பு இப்படித்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்ற கருதுகோளை 1995இல் முன்வைத்தவர் அவர். கண்டுகொள்வதற்குச் சொல் முதலில் காதில் இருக்க வேண்டும். நம் உசிலம்பட்டிச் சிறுமிக்கு இல்லாதது அதுதான்.

எழுத்தைப் படிப்பதற்கே நம் பிள்ளைகளுக்கு நாள் பிடிக்கும். தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அம்மொழியின் எழுத்துத் தொகுதி முழுவதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியது. தமிழில் கூட்டெழுத்துகள் குறைவு என்றாலும் பாதை அதேதான். இவ்வளவு நெடிய காலம் பொருளே இல்லாமல் வடிவத்தை மட்டும் எழுதிப் பழகச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சலித்துப்போகும். பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழகக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2022இல் 4.8 சதவீதம், 2024இல் 12 சதவீதம். பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் காயம் முதல் எண்ணில் இருக்கிறது. ஏசரின் அளவுகோலைப் பற்றி அரசுத் தரப்பில் ஆட்சேபமும் உண்டு. எந்த அளவுகோலை எடுத்தாலும் மகிழ்ச்சியடைய இடமில்லை. எட்டு வயதுக்குள் எல்லாருக்கும் வாசிப்பு என்ற இலக்கோடு 2022 ஜூனில் வந்த அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதல் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. நான் சொல்லும் இடைவெளி அதற்கு மூன்று ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது.

சிறு பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் கடினம், பேச்சில் மாற்றிச் சொன்னால்தான் ஏறும் என்பார்கள். 2007இல் சுட்டி டிவி வந்தபின், அதில் வந்த கார்ட்டூன் சிறுமி டோராவின் தமிழில் பேசத் தொடங்கிய பிள்ளைகளை நாம் பார்க்காததா? மேலமாசி வீதியிலும் பேசாத, மேலூரிலும் பேசாத ஒரு தமிழை மூன்று வயதுப் பிள்ளைகள் நாக்கில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். கேட்டால் பிடித்துக்கொள்ளும் வயது அது. டோரா கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல் பாவனை செய்வாள். பிள்ளை என்ன சொன்னாலும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். மடியில் உட்கார்த்தி வாசித்துக்காட்டுகிறவருக்கும் தொலைக்காட்சிக்கும் வேறுபாடு அந்த இடத்தில்தான்.

வாசித்துக் காட்டுவது மதுரைக்குப் புதிதும் அல்ல. புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையில் தையல் எந்திரங்களோடும் பாத்திரக் கடைகளோடும் புத்தகக் கடைகள் இருந்ததை நாற்பது வயது தாண்டிய மதுரைக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.) 'பெரிய எழுத்து' என்று முகப்பிலேயே போட்ட கதைப்பாடல்கள் நம் ஊர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விலைபோனவை. மதுரையை ஆண்ட அல்லியின் கதையைச் சொல்லும் 'அல்லி அரசாணி மாலை' அவற்றில் ஒன்று. பெரிதாக அச்சிட்டதற்குக் காரணம் உண்டு. தட்டுத்தடுமாறிப் படிக்கத் தெரிந்த ஒருவர் ராந்தல் வெளிச்சத்தில் ராகம் போட்டு வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பதற்கான புத்தகம் அது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' இந்த உலகத்தைத் தமிழில் பதிவு செய்த முக்கியமான நூல். நாவல்கள் பெருகியபோது நடுத்தர வர்க்கத்துக்குள் மௌன வாசிப்பு எப்படிப் புகுந்தது என்பதையும் அவர் ஆராய்ந்திருக்கிறார்.

அந்தக் கூட்டங்கள் பிள்ளைகளுக்காகக் கூடியவை அல்ல. ஆனால் பெரியவர்கள் மடியில் பிள்ளைகள் படுத்துக்கிடந்தார்கள். பாதி புரியாமலே 'என்றாள்', 'சென்றான்', 'கண்டாளே' என்கிற முடிவுகள் காதில் விழுந்துகொண்டிருந்தன. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும் வழக்கமும் இதே வேலையைச் செய்தது. மௌன வாசிப்பு நல்லதுதான். அது வீட்டுக்குள் வந்தபோது பிள்ளையின் காதுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எழுத்துத் தமிழ் நின்றுபோனது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மா வாரப் பத்திரிகை படிக்கிறார், அப்பா தினசரி படிக்கிறார். பிள்ளைக்குத் தெரிவது அசையாத இரண்டு முகங்கள்.

கதை சொல்வதிலும் நமக்கு ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கேட்கிறவர் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். விடுகதை என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்பவரைச் சும்மா இருக்க விடாத இந்த முறையைத்தான் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் தம் வழியில் கண்டடைந்தார். நியூயார்க் பகுதியில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் வீடுகளில் நடந்த ஆய்வு அது. எல்லா வீடுகளிலும் புத்தகம் வாசித்தார்கள். பாதி வீடுகளில் மட்டும் பெற்றோருக்குச் சிறு பயிற்சி கொடுத்தார்: படத்தைக் காட்டிக் கேள்வி கேளுங்கள், பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை நீங்கள் வாக்கியமாக்குங்கள், கதையைப் பிள்ளை சொல்லட்டும். ஒரே மாதத்தில் இந்தக் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிட ஆறு முதல் எட்டரை மாத வளர்ச்சி அளவுக்கு முன்னே போயிருந்தார்கள். 1988இல் வந்த இந்த ஆய்வை, 1992இல் மெக்சிகோவின் ஏழைக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நடத்திய ஆய்வு உறுதிப்படுத்தியது. நமக்கு இன்னும் நெருக்கமானது வங்கதேசம். அங்கே கிராமப்புற முன்பருவப் பள்ளிகளில் நான்கு வாரம் இம்முறையில் வாசித்துக்காட்டியபோது, சோதித்த சொற்களில் 26 சதவீதம் தெரிந்திருந்த ஐந்து வயதுப் பிள்ளைகள் 54 சதவீதத்தை எட்டினார்கள். வழக்கமான வகுப்பில் இருந்தவர்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றார்கள். 2009இல் வெளியான ஆய்வு இது.

ஆர்வலர்கள் இங்கேதான் மிகைப்படுத்தத் தொடங்குவார்கள். வாசித்துக்காட்டினால் பிள்ளை தானாகப் படிக்கத் தொடங்கிவிடும் என்பது பொய். நெதர்லாந்தின் அட்ரியானா பஸ்ஸும் சகாக்களும் 1995இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொழி, வாசிப்புத் திறன்களில் பிள்ளைக்குப் பிள்ளை இருக்கும் வேறுபாட்டில் 8 சதவீதத்தைத்தான் புத்தக வாசிப்பு விளக்கியது. சும்மா ஒதுக்கக்கூடிய அளவல்ல, மந்திரக்கோலும் அல்ல. கனடாவின் மோனிக் செனெஷாலும் ஜோ-ஆன் லெஃபெவ்ரும் ஐந்தாண்டு தொடர்ந்து பிள்ளைகளைக் கவனித்து 2002இல் சொன்னது இன்னும் துல்லியம்: கதைப்புத்தகம் சொல்வளத்தையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் வளர்க்கிறது, எழுத்தறிமுகம் பெற்றோர் தனியே சொல்லிக்கொடுப்பதிலிருந்து வருகிறது. 2005இல் இன்னொரு கனடா ஆய்வு பிள்ளைகளின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தது. வாசித்துக்காட்டும்போது அவர்கள் பார்வை ஏறக்குறைய முழுக்கப் படத்தின்மீதே இருந்தது. ஆக, எழுத்து கற்பிப்பதை விட்டுவிடலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். எப்போதாவது வரியின்கீழ் விரலை ஓட்டினால் போதும், இந்தக் கோடுகளிலிருந்துதான் குரல் வருகிறது என்று பிள்ளை தெரிந்துகொள்ளும்.

இன்னொரு மிகையும் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளை மூன்று வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்ற கணக்கு, 1995இல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் எழுதிய நூலிலிருந்து உலகெங்கும் பரவியது. கான்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வு அது. தாய் பிள்ளையை நோக்கிச் சொன்ன சொற்களுக்கே அது முதன்மை கொடுத்தது. சுற்றிலும் நடக்கும் பேச்சு கணக்கில் வரவில்லை. அதையும் சேர்த்தால் படம் மாறுகிறது என்று டக்ளஸ் ஸ்பெரியும் சகாக்களும் 2018இல் காட்டினார்கள். மதுரைக்காரருக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. செல்லூரின் ஒரு வளவு வீட்டில், ஐந்து குடித்தனத்துக்கு ஒரு குழாய் இருக்கும் இடத்தில், பேச்சுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை சொல்லில் ஏழை இல்லை. அதற்குக் கிடைக்காதது ஒரு குறிப்பிட்ட மொழி வடிவம். படப்புத்தகத்தில் வரும் சொற்களில் அன்றாடப் பேச்சில் வராதவை மிகுதி என்பதை 2015இல் வந்த ஆய்வுகள் எண்ணிக் காட்டியிருக்கின்றன. ஆங்கிலத்திலேயே அப்படி என்றால், வினைமுற்று வரை மாறிவிடும் தமிழில் கேட்கவே வேண்டாம். மகால் பகுதியில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைக்கும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கும் எழுத்துத் தமிழ் இன்னும் ஒரு படி தள்ளியே நிற்கிறது.

ஒரு பக்கத்தை எப்படி வாசித்துக்காட்டுவது என்று கிட்டத்தில் நின்று பார்க்கலாம். படத்தில் ஒரு கண்மாய். கரையில் எருமை, அதன் முதுகில் கொக்கு. கீழே ஒரு வரி: 'எருமை கண்மாய்க்குள் இறங்கியது.' டீச்சர் அந்த வரியை அச்சில் உள்ளபடியே, அவசரமில்லாமல் வாசிக்கிறார். நிறுத்துகிறார்.

"டீச்சர், கொக்கு எரும மேல ஒக்காந்துருக்கு."

"ஆமா தாயி, முதுகுல ஒக்காந்துருக்கு. எதுக்கு ஒக்காந்துருக்கு?"

"உண்ணி பொறக்கித் திங்க!"

படித்த டீச்சருக்குத் தெரியாதது கண்மாய்க்கரைப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். அது நல்லதுதான், புத்தகத்துக்குள் தன் ஊர் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். "அப்ப எரும தண்ணிக்குள்ள முங்குனா கொக்கு என்ன பண்ணும்?" என்று கேட்டால் நாலைந்து குரல் ஒன்றாக எழும்: "பறந்துரும்!" பக்கத்தைத் திருப்புகிறார். வாசிக்கிறார்: 'கொக்கு பறந்துவிட்டது.' பிள்ளைகள் சொன்ன அதே பதில் புத்தகத்தின் தமிழில் திரும்பி வருகிறது. 'பறந்துரும்', 'பறந்துவிட்டது' என்ற இரண்டும் ஒரே நிமிடத்தில், ஒரே படத்தின்மேல், யாரும் விளக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்கின்றன. இலக்கண வகுப்பு எதுவும் இதைச் செய்ய முடியாது.

இதில் இரண்டு தவறுகளைப் பரவலாகப் பார்க்கலாம். ஒன்று, அச்சில் இருப்பதை விட்டுவிட்டுக் கதையை முழுக்கப் பேச்சில் மாற்றிச் சொல்வது. அப்போது புத்தகம் வெறும் படமாகிவிடுகிறது. மற்றொன்று, பிள்ளை பேச்சுத் தமிழில் பதில் சொன்னால் "சரியாச் சொல்லு" என்று திருத்துவது. அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது. வாசிப்பது புத்தகத் தமிழில், பேசுவது வீட்டுத் தமிழில். இந்த ஒரு பழக்கம் போதும். பிள்ளை அதே கதையை "இன்னொரு தடவ" என்று கேட்டால் மறுக்கவும் வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா ஹார்ஸ்ட் 2011இல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களே புதிய சொற்களை அதிகம் கற்றிருந்தார்கள். புத்தகம் குறைவாக இருக்கும் நமக்கு இது ஆறுதலான செய்தி.

இதையெல்லாம் யார் செய்வது? பால்வாடி டீச்சரின் காலையைப் பாருங்கள். பிள்ளைகள் வந்துசேரும் முன் வீடுவீடாகக் கூப்பிடப் போக வேண்டும். எடை, உயரம் எடுத்துக் கைப்பேசியில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, தடுப்பூசி நாள், வாக்காளர் பட்டியல் வேலை, பதிவேடுகள். உதவியாளர் அடுப்படியில். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டத்தை ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை வைத்திருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போது சோறு வெந்திருக்கும். கதைப்புத்தகங்கள் கொடுக்கப்பட்ட மையங்களிலும் அவை பீரோவுக்குள் பத்திரமாக இருப்பதைக் காணலாம். கிழிந்தால் யார் கணக்குச் சொல்வது?

இது டீச்சரின் ஆர்வக்குறைவு அல்ல, ஆள் குறைவு என்பதற்குத் தமிழகத்திலேயே வலுவான சான்று கிடைத்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் நம் மாநிலத்தின் 320 அங்கன்வாடிகளில் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், முன்பருவக் கல்விக்கென அரைநாள் வேலை பார்க்கும் கூடுதல் பணியாளர் ஒருவர் கொடுக்கப்பட்டார். கல்விக்குச் செலவிடும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்து அந்த மையங்களின் பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள். வியப்பு என்னவென்றால், கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் வயதுக்கேற்ற உயரமின்மையும்கூடக் குறைந்திருந்தன. கை ஒன்று கூடியதால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைச் சரியாகப் பார்க்க நேரம் கிடைத்தது. சோறா, படிப்பா என்ற பழைய வழக்கை இந்த ஆய்வு முடித்துவைத்திருக்க வேண்டும். முடித்துவைக்கவில்லை. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கியபோது ஒரு வாசல் திறந்தது. அதன்பின் அவற்றை யார் நடத்துவது என்ற இழுபறிதான் மிஞ்சியது.

பெற்றோரின் ஆசை வேறு திசையில் இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அலங்காநல்லூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் காலை ஏழரைக்கே வேன் ஏறும் மூன்று வயதுப் பிள்ளைகளின் பையில் நான்கு கோட்டு நோட்டு இருக்கிறது. சாயங்காலம் அம்மா அதில் பார்ப்பது ஏ, பி, சி, டி வரிசை. எழுதியிருந்தால் கட்டிய பணம் வீணில்லை என்று மனம் ஆறுகிறது. வாசித்துக்காட்டியதற்கு நோட்டில் அத்தாட்சி கிடையாது. தனியார் மழலையர் பள்ளிகள் அதைத் தவிர்ப்பதற்கு இதைவிட ஆழமான காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

வீட்டில் செய்யலாமே என்றால், எழுதப் படிக்கத் தடுமாறும் தாய் என்ன செய்வார் என்ற கேள்வி வருகிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை ஒட்டிய கயெலிட்ஷா குடியிருப்பில் 91 தாய்-சேய் இணைகளோடு நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. எட்டு வாரம், வாரம் ஒருமுறை, படப்புத்தகத்தைப் பிள்ளையோடு பார்த்துப் பேசத் தாய்மாருக்குப் பயிற்சி. ஒன்றேகால் வயதுக் குழந்தைகளின் சொல்லறிவும் கவனம் நிலைக்கும் நேரமும் கணிசமாகக் கூடின. எழுத்தே இல்லாத படப்புத்தகம் ஒன்று இருந்தால் அப்பத்தாவும் சேர்ந்துகொள்ளலாம். மதுரை மாவட்டத்தின் எழுத்தறிவு 2011 கணக்கெடுப்பில் 83 சதவீதம். பெரும்பாலான வீடுகளில் படிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்கிறார்.

அந்த ஒருவர் பல வீடுகளில் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் அக்காதான். பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்' நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. தடுமாறி வாசிக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவியிடம் 'நுழை' புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சப்படுவாள். "தம்பிக்கு வாசிச்சுக் காட்டு" என்று கொடுத்துவிட்டால் கூச்சம் போய்விடும், தம்பிக்கும் காது நிறையும். இதற்குப் புதிய திட்டமோ புதிய பெயரோ வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மனம் வைத்தால் போதும்.

புத்தகங்கள் இல்லை என்ற பழைய குறையும் முன்போல் இல்லை. 1990களில் தாரா, தூளிகா போன்ற சென்னைப் பதிப்பகங்களும், 2004இல் பிரதம் புக்ஸும் வந்தபின் தமிழில் படப்புத்தகம் என்ற வகையே வேரூன்றியது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம். இவற்றில் மொழிபெயர்ப்பு நெடி அடிப்பவை கணிசம் என்பதையும் சொல்ல வேண்டும். வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு இடறினால் அந்தப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிடலாம். அதைவிட நல்ல சோதனை வேறில்லை. கதை சொல்லும் வரிகள் எழுத்துத் தமிழிலும் பாத்திரங்களின் பேச்சு வட்டார வழக்கிலும் உள்ள படப்புத்தகங்களை மதுரை எழுத்தாளர்கள் எழுத முன்வந்தால் இடைவெளியின் இரு கரையும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்.

மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் சுமார் 2.13 லட்சம் சதுர அடி. அதன் சிறுவர் பகுதி விடுமுறை நாட்களில் நிரம்பி வழிகிறது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பேரையூர்ப் பக்கத்தில் களையெடுக்கப் போகும் தாய் நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாட்டுத்தாவணி வந்து இன்னொரு பேருந்து மாறி அங்கே போகப்போவதில்லை. புத்தகம்தான் அவரிடம் போக வேண்டும். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தின்கீழ் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் ஊர் ஊராக இருக்கின்றன. பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு துறை என்பதால் ஒரு புத்தகம்கூட அந்தத் தெருவைத் தாண்டுவதில்லை.

மாதம் முப்பது படப்புத்தகங்களைக் கிளை நூலகம் அங்கன்வாடிக்குக் கொடுத்து மாற்றட்டும். கிழிந்தால் டீச்சரிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்று உத்தரவிலேயே எழுதட்டும். சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம் வாசித்துக்காட்டட்டும். அதற்குத் தனிப் பதிவேடு வேண்டாம். அரைநாள் கூடுதல் பணியாளரை நியமிக்கும் வரை, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஊர்ப் பெண்கள் முறைவைத்து வந்து வாசிக்க அனுமதி கொடுத்தால் போதும். பணத்துக்கு வழி 1948இன் பொது நூலகச் சட்டத்திலேயே இருக்கிறது: நாம் கட்டும் சொத்துவரியோடு 10 சதவீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. அதில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.